கான்ஃபரன்ஸ் மாறினால் ஹெட் கோச்சும் ஏன் மாறுகிறார்?

கேள்வி: பேக்-12 (அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸ்) கலைந்த பிறகு ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டிலும் ஏன் இத்தனை கோச் மாற்றங்கள்? கான்ஃபரன்ஸ் என்பது டி.வி. பண விவகாரம்தானே, களத்தில் ஆடும் அணியை அது ஏன் பாதிக்கிறது?

கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடி, டி.வி. ஒப்பந்தப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டு. ஆமாம், டி.வி. பணம்தான். ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அந்தப் பணத்திலிருந்துதான் ஹெட் கோச்சுக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் சம்பளம் போகிறது. 2025 ஜூலையிலிருந்து வீரர்களுக்கும் நேரடியாகப் போகிறது. வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி 2025-26இல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம். எல்லாப் பெரிய பள்ளிக்கும் (பல்கலைக்கழகத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) உச்சவரம்பு ஒன்றே. அதை எட்டப் பணம் இருக்கிறதா என்பதை கான்ஃபரன்ஸ் தீர்மானிக்கிறது.

நடந்தது சுருக்கமாக: 2022 ஜூன் 30 அன்று பேக்-12இல் இருந்த யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அந்த ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டது. பேக்-12 கையில் வந்ததோ ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் திட்டம் ஒன்றுதான். 2023 ஜூலையில் கொலராடோ பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போனது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பள்ளிகள் கழன்றுகொண்டன. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏ.சி.சி. கான்ஃபரன்ஸுக்குப் போயின. மிச்சம் இரண்டு: கொர்வாலிஸில் ஓரிகன் ஸ்டேட், புல்மனில் வாஷிங்டன் ஸ்டேட்.

ஓரிகன் ஸ்டேட் கோச் ஜொனாதன் ஸ்மித் அதே பள்ளியின் முன்னாள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்). 2022இல் 10 வெற்றி தந்தவர். இவர் போகவே மாட்டார் என்றுதான் ஊர் நம்பியது. 2023 நவம்பரில், கடைசி லீக் ஆட்டம் முடிந்த மறுநாளே மிஷிகன் ஸ்டேட்டுக்குப் போனார். ஆள் மட்டும் போகவில்லை. ஆஃபென்ஸை (தாக்குதல் ஆட்டத்தை) நடத்திய உதவிக் கோச் பிரையன் லிண்ட்கிரன், இளம் குவார்ட்டர்பேக் ஏடன் சைல்ஸ், டைட் எண்ட் (தடுப்பதோடு பந்தும் பிடிப்பவர்) ஜாக் வெல்லிங் எல்லோரும் கூடவே போனார்கள். முதல் குவார்ட்டர்பேக் டி.ஜே. உயாகலெலே ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் போனார். ஆக, டிஃபென்ஸ் பொறுப்பிலிருந்து ஹெட் கோச்சாக உயர்த்தப்பட்ட ட்ரென்ட் ப்ரேக்குக் கிடைத்தது பாதி காலியான அணி. 2024இல் 5-7 (5 வெற்றி, 7 தோல்வி). 2025இல் முதல் ஏழு ஆட்டமும் தோல்வி, அக்டோபர் 12 அன்று வேலை போனது. ப்ரே திறமையில்லாதவர் என்பது அவசரத் தீர்ப்பு என்று நினைக்கிறேன். கான்ஃபரன்ஸ் உடைந்ததற்கான விலையை அவர் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

புல்மனில் அடி ஒரு வருடம் தாமதமாக விழுந்தது. 2024இல் வாஷிங்டன் ஸ்டேட் 8-1 வரை போய், பிறகு மூன்றில் தொடர்ச்சியாகத் தோற்றது. அந்த டிசம்பரை மட்டும் பாருங்கள். ஓக்லஹோமா, எஸ்.இ.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸுக்குள் வந்த முதல் ஆண்டிலேயே ஆஃபென்ஸ் படுத்துவிட, சீசன் நடுவிலேயே கோஆர்டினேட்டரை (ஆஃபென்ஸை நடத்தும் உதவிக் கோச்சை) நீக்கியிருந்தது. அந்த இடத்துக்கு வாஷிங்டன் ஸ்டேட்டின் பென் ஆர்பக்கிளை எடுத்தது. குவார்ட்டர்பேக் ஜான் மெட்டீர், பள்ளி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் போர்ட்டலில் நுழைந்து அவர் பின்னாலேயே ஓக்லஹோமா போனார். ஹெட் கோச் ஜேக் டிக்கர்ட், சீசன் முடிவில் நடக்கும் ஹாலிடே போல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால் ஏ.சி.சி.யின் வேக் ஃபாரஸ்டுக்குப் போனார். ஒரே மாதத்தில் மூன்று நாற்காலி காலி. அடுத்து வந்த ஜிம்மி ராஜர்ஸ் ஒரே சீசனில் அயோவா ஸ்டேட்டுக்குத் தாவினார், ஏனென்றால் அங்கிருந்த மேட் கேம்பெல்லை பென் ஸ்டேட் எடுத்துக்கொண்டது. புல்மனில் எந்தத் தவறும் நடக்காமலேயே புல்மன் கோச்சை இழந்தது.

இந்தச் சங்கிலி பணக்காரப் பள்ளிகளிலும் ஓடும். 2024 ஜனவரி 10 அன்று அலபாமாவின் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். 12 அன்று வாஷிங்டனின் கேலன் டிபோர் அங்கே போனார், ஒப்பந்தத்தை இடையில் முறிக்கத் தரவேண்டிய சுமார் 1.2 கோடி டாலர் பைஅவுட் தடையாகவே இல்லை. 14 அன்று அரிஸோனாவின் ஜெட் ஃபிஷ் வாஷிங்டனுக்கு. 16 அன்று சான் ஹோசே ஸ்டேட்டின் ப்ரென்ட் ப்ரென்னன் அரிஸோனாவுக்கு. ஆறு நாளில் நான்கு ஊர். முந்தைய சீசனில் தேசிய இறுதி வரை போன வாஷிங்டன் 2024இல் 6-7. பத்து வென்ற அரிஸோனா 4-8.

பெரிய கான்ஃபரன்ஸில் இடம் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். பிக் டென்னில் 18 அணிகள், ஆளுக்கு 9 கான்ஃபரன்ஸ் ஆட்டம்: மொத்தம் 81 ஆட்டம், 81 வெற்றி, 81 தோல்வி. ஓஹையோ ஸ்டேட், ஓரிகன் மாதிரி அணிகள் எட்டு ஒன்பது வெற்றியை எடுத்துக்கொண்டால் நடுத்தர அணிக்கு வெற்றி எங்கிருந்து வரும்? ஆனால் வருமானம் கூடிவிட்டதால் நன்கொடையாளர்களின் எதிர்பார்ப்பும் கூடிவிடுகிறது. யு.சி.எல்.ஏ. நல்ல உதாரணம். பிக் டென்னில் ஆடும் முன்பே, 2024 பிப்ரவரியில், சிப் கெல்லி ஹெட் கோச் பதவியை விட்டு ஓஹையோ ஸ்டேட்டில் கோஆர்டினேட்டராகப் போனார். அடுத்து வந்த டிஷான் ஃபாஸ்டர் 2025இல் மூன்று தோல்விக்குப் பிறகு செப்டம்பரிலேயே நீக்கப்பட்டார்.

செப்டம்பர், அக்டோபரிலேயே நீக்குவது ஏன்? காலண்டர்தான் காரணம். ஹைஸ்கூல் வீரர்கள் கையெழுத்திடும் நாள் டிசம்பர் முதல் வாரம். போர்ட்டல் 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே முறை. ஹெட் கோச் மாறினால், புதியவர் வந்து ஐந்து நாள் கழித்து அந்த அணி வீரர்களுக்கு மட்டும் தனியாக 15 நாள் அவகாசம். நவம்பர் கடைசிக்குள் புதிய கோச் இல்லையென்றால் இரண்டு வாசலிலும் ஆள் பிடிக்க முடியாது. 2025இல் நவம்பர் 30 அன்று 11-1 என்ற நிலையில் லேன் கிஃபின் ஓல் மிஸ்ஸை (மிஸ்ஸிஸிப்பி பல்கலைக்கழகத்தை) விட்டு எல்.எஸ்.யு. போனதும் இதனால்தான். தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் அவர் கோச்சாக இருக்க ஓல் மிஸ் அனுமதிக்கவில்லை. முதல் சுற்றில் அவர்களை எதிர்த்த டுலேனிலோ, ஃப்ளோரிடாவுக்குக் கையெழுத்திட்டுவிட்ட ஜான் சம்ரால் கடைசி ஆட்டம் வரை நின்றார். இரண்டு வழியும் உண்டு, பள்ளியின் முடிவு அது.

ஒரு கோச் நிலைப்பாரா என்று கணிக்க, செய்தித்தாளை விட ஒப்பந்தம் உதவும். அரசுப் பல்கலைக்கழக ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். முதலில் பைஅவுட்டை இரண்டு திசையிலும் பாருங்கள்: பள்ளி நீக்கினால் எவ்வளவு, அவரே போனால் எவ்வளவு. இரண்டாவது பொதுவாக ஆண்டுதோறும் குறையும். பெரிதாக இறங்கும் தேதிக்குப் பிறகு வதந்தி கிளம்பும். அடுத்து, வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளம் கழியுமா என்ற ஷரத்து. டெக்சஸ் ஏ&எம் 2023இல் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அது இல்லை, 7.6 கோடி டாலர் முழுதாகத் தலையில் விழுந்தது. பென் ஸ்டேட்டில் அது இருந்தது. ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் வர்ஜினியா டெக்கில் சேர்ந்ததும் சுமார் 4.9 கோடி கடன் 90 லட்சத்தில் முடிந்தது. கடைசியாக, பள்ளியின் கான்ஃபரன்ஸ் மாறினால் பைஅவுட் குறையும் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். ரசிகர்கள் தாண்டிப்போவது இதைத்தான்.

கைவிடப்பட்ட இரண்டு பள்ளிகளும் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தன. நீதிமன்றம் போய் பேக்-12 நிர்வாகத்தைத் தங்கள் கையில் வாங்கின. வெளியேறிய பத்துப் பள்ளிகளின் பங்கிலிருந்து 6.5 கோடி டாலர் பிடித்துக்கொண்டன. 2024இல் மவுன்டன் வெஸ்ட்டுக்கு 1.4 கோடி கொடுத்து ஆட்டங்கள் வாங்கின. 2025இல் அட்டவணை நிரம்பாமல் இரண்டும் ஒன்றோடொன்று இரண்டு முறை ஆடவேண்டி வந்தது. 2026 ஜூலை 1 முதல் பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் சேர்ந்து எட்டு ஃபுட்பால் அணிகள். உயர்மட்டப் பிரிவில் கான்ஃபரன்ஸாக நீடிக்கக் குறைந்தபட்சம் அந்த எட்டு வேண்டும். அட்டவணைப் பிரச்சினை அதோடு முடியும். கோச் பிரச்சினை முடியாது, பெரிய கான்ஃபரன்ஸுக்கும் இவர்களுக்கும் உள்ள வருமான இடைவெளி அப்படியே இருக்கிறது. ஓரிகன் ஸ்டேட் எடுத்திருக்கும் ஜமார்கஸ் ஷெப்பர்டு, வாஷிங்டன் ஸ்டேட் எடுத்திருக்கும் கிர்பி மூர், இவர்களில் யாராவது ஒன்பது வெற்றி பெற்றால், அந்த டிசம்பரிலேயே ஃபோன் வரும்.