கட்டிய பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

"மகள் பொறியியலில் இரண்டு வருஷம் முடித்துவிட்டாள், இப்போது போய் செயற்கைக் கால் செய்யப் படிக்கிறேன் என்கிறாள், இதுவரை கட்டியதெல்லாம் வீண்தானா?" என்று கேட்டிருந்தீர்கள் அம்மா. பதற்றம் புரிகிறது. ஆனால் அந்தப் பணம் அவள் தொடர்ந்தாலும் வராது, விட்டாலும் வராது. கணக்கிலிருந்தே அதைத் தூக்கிவிடுங்கள்.

இந்தத் தடுமாற்றம் எல்லோருக்கும் உண்டு. ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி: 100 டாலருக்கு ஒரு பனிச்சறுக்குப் பயணம், 50 டாலருக்கு இன்னொன்று, இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று, அப்புறம்தான் தெரிகிறது இரண்டும் ஒரே சமயத்தில் என்று, 50 டாலர் பயணம்தான் உங்களுக்கு அதிகம் பிடிக்கும், எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள், அதிகப் பணம் கட்டியாயிற்றே என்று, 100 டாலர் பயணத்தைச் சொன்னார்கள். "முடிச்சிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவள் பெரியப்பா சொல்வதும் இதே கதைதான். மீதி இரண்டு வருஷக் கட்டணத்தை அவரா கட்டப்போகிறார்?

அவள் கேட்பதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவருக்கு, மீதமிருக்கும் பகுதியில் பிளாஸ்டர் சுற்றி அச்சு எடுப்பார்கள், அதற்குள் பிளாஸ்டரை ஊற்றி அந்தக் காலின் நகலை வார்ப்பார்கள். உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் பாரம் தாங்கும், நகலில் அந்த இடத்தில் பிளாஸ்டரைக் கொஞ்சம் சுரண்டி எடுக்க வேண்டும்; எலும்பு துருத்தும் இடத்தில் பிளாஸ்டரைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். அந்த வடிவத்தின்மேல்தான் சாக்கெட், அதாவது மீதமிருக்கும் கால் நுழைந்து பொருந்தும் கூடு, உருவாகும். பிறகு செயற்கைக் காலை மாட்டி ஆளை நடக்கவிட்டு, இடுப்பு ஒரு பக்கம் தூக்குகிறதா, முழங்கால் வெளியே தள்ளுகிறதா என்று பார்த்து அந்தக் காலின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்வார்கள். ஸ்கேனரும் கம்ப்யூட்டர் வடிவமைப்பும் இதற்குள் வந்தாயிற்று. பொறியியலில் விசையும் சமநிலையும் படித்தவளுக்கு இது அந்நியமான ஊர் இல்லை.

சம்பளம் முதல் நாளே கொட்டும் என்று நான் சொல்லமாட்டேன். விடுமுறையில் ஒரு வாரமாவது செயற்கைக் கால் செய்து மாட்டும் ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு உட்காரட்டும். புண்ணையும், வலியில் கத்தும் குழந்தையையும் பார்த்த பிறகும் மறுநாள் கிளம்புகிறாளா? கிளம்பினால் பெரியப்பாவின் ஓட்டு செல்லாது. கிளம்பாவிட்டால் நானே வேண்டாம் என்பேன்.

பணம் கட்டுமுன், அந்தப் படிப்பை முடித்தால் நீங்கள் இருக்கும் இடத்தில் தொழில் செய்ய உரிமம் கிடைக்குமா, 1970இல் தொடங்கிய ஐஎஸ்பிஓ என்ற, செயற்கை உறுப்புத் துறைக்கான பன்னாட்டுச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. அதுவரை புதிய கடன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பழைய கல்லூரியில் இடைவிடுப்பு தருவார்களா என்றும் கேளுங்கள். இனி ஆகும் செலவை மட்டும் இரண்டு படிப்புக்கும் தனித்தனியாக எழுதி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள், உறவினர்கள் இல்லாமல்.