அம்மாவின் பட்டில் கத்தரி வைக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன், கடைசி ஒன்பது ஆண்டுகள் பேட்டர்ன் மேக்கராக, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு மாதிரிகளைச் செய்பவராக. சென்ற மாதம் ஆட்குறைப்பில் என்னை அனுப்பிவிட்டார்கள். பழைய பட்டுச் சேலைகளை வெட்டி, இன்றைய பெண்கள் உடுத்தும் கவுன்களாகவும் பாவாடைகளாகவும் தைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கைக்கு வரும் பணத்தில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்க நினைக்கிறேன். பெட்டியில் இருக்கும் என் அம்மாவின் அரக்குப் பட்டை முதலில் வெட்டலாம் என்றால், "சேலையைக் கிழிப்பது குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார் மாமியார். எனக்கு வயது 46. இனிமேல் இதெல்லாம் தேவையா? (ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு துணிச்சல்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. சேலையில் கத்தரி வைப்பது ஒன்று. கடைக்கு வாடகை ஒப்பந்தம் போடுவது மற்றொன்று. முதலாவதைத் தயங்காமல் செய்யுங்கள். இரண்டாவதை இந்த ஆண்டு செய்யவே வேண்டாம்.

அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். நான் அச்சுக்கோத்த அச்சகத்தை மூடியபோது, கைக்கு வந்த பணம் முழுவதையும் போட்டு, போதாததற்குக் கடனும் வாங்கி, ஒரு பழைய ஆஃப்செட் இயந்திரத்தை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். புதுவிதமான கல்யாண அழைப்பிதழ்கள் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. இயந்திரம் வந்த பிறகு பத்து மாதங்கள் நான் அடித்ததெல்லாம் கடைக்காரர்களின் பில் புத்தகங்கள்தான்; தவணைத் தேதி நெருங்க நெருங்க, புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் தைரியமே எனக்கு வரவில்லை.

ஆகவே முதலில் பணத்தைக் காப்பாற்றுங்கள். ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். உங்கள் கணக்கில் அது 22 வாரங்கள். அத்துடன் மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு சதவீதம் பிடித்தார்களே, வேலை இழந்தோருக்கான காப்பீடாகிய அந்த யூ.ஐ.எஃப். நிதிக்கு 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வாரமே போய்விடுங்கள். தையலில் வருமானம் வரத் தொடங்கினால் அதையும் அங்கே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வேலை போனது உங்கள் கைக்குறையால் அல்ல என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1994-க்குப் பிறகு இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து, சீனாவிலிருந்து மலிவான ஆடைகள் வந்து குவிந்ததில் டர்பனின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. ஒரே அளவில் ஆயிரம் சட்டைகள் தைப்பதில் அந்தப் போட்டியை நம்மால் தாங்க முடியவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் அம்மா கட்டிய சேலையை எந்தக் கப்பலும் ஏற்றிக்கொண்டு வராது. உங்கள் யோசனையில் எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

இனி கத்தரிக்கு வருவோம். முப்பது ஆண்டுகள் ஒரே மடிப்பில் பெட்டிக்குள் கிடந்த பட்டு, மடிப்பு ஓடிய கோட்டில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கோடு சல்லடைபோலத் தெரியும். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே மெல்ல இழுத்தால் நூல் நறுக்கென்று போகும். கோர்வை போட்ட காஞ்சிப் பட்டில், தனி நூலால் நெய்து உடலோடு பின்னிய கரை பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது நலிந்த கோடுகளுக்கு இடையே உள்ள துண்டுகள்தாம். அவற்றுக்குள் ஒரு கவுனை அடக்குவது சாதாரணத் தையற்காரரால் ஆகாது. துணி வீணாகாமல் மாதிரிகளை நெருக்கி அடுக்கி மார்க்கர் போட்டுப் பழகிய உங்களுக்கு அது அன்றாட வேலை. முதலில் காடாத் துணியில் முழு உடுப்பையும் வெட்டித் தைத்து, அணிந்து பார்த்த பிறகே பட்டைத் தொடுங்கள்.

மாமியாரின் சொல்லை உதறிவிடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் வீடுகளிலும் அதையே சொல்ல ஒருவர் இருப்பார். கூறைச் சேலையைத் தொடுவதில்லை என்றும், முந்தானையை வெட்டாமல் மேலே போடும் துப்பட்டாவாக வைத்துக்கொடுப்பது என்றும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் சேலைக்கு உரியவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். இப்படிக் கட்டுப்பாடு போட்டுக்கொண்டால் வேலை அழகாகவும் வரும் என்று நினைக்கிறேன்; முந்தானை மிஞ்ச வேண்டும் என்றால் வெட்டும் விதத்தையே வேறுவிதமாக யோசிக்க வேண்டுமல்லவா?

கூலியைக் குறைக்காதீர்கள். உறவுக்காரர்கள் "ஒரு தையல்தானே" என்று கேட்பார்கள். தொழிற்சாலையில் ஒவ்வோர் உடுப்புக்கும் நிமிடக் கணக்கு போட்டீர்களே, அதே கணக்கை வீட்டிலும் போடுங்கள். நம் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், புரட்டாசியில் விரதம் இருப்பார்கள். அந்த மாதங்களில் கல்யாண வேலை மெலிந்துவிடும். பள்ளி இறுதியாண்டில் நடக்கும் மெட்ரிக் டான்ஸ் விருந்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பாட்டியின் பட்டில் ஒரு கவுன் என்றால் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆசை வராமல் இருக்குமா? முதல் வாடிக்கையாளர்களை அங்கே தேடுங்கள். சாப்பாட்டு மேசையும் ஒரு தையல் இயந்திரமும் அதற்குப் போதும்.

அம்மாவின் அரக்குப் பட்டை முதலில் வெட்ட வேண்டாம். கறை பட்டதோ கிழிந்ததோ, உறவில் யாருக்கும் வேண்டாத மூன்று சேலைகளைக் கேட்டு வாங்கி, கெட்டாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பழகுங்கள். அரக்குப் பட்டு நான்காவது. அதை உங்கள் அளவுக்கே தைத்து, தீபாவளியன்று உடுத்திக்கொண்டு முதலில் மாமியாரின் முன்னால் போய் நில்லுங்கள்.