துப்பைப் பூட்டி வைக்காதீர்கள்: டிஎம்களுக்குக் கேள்வி-பதில்

(டிஎம் என்றால் 'டஞ்சன் மாஸ்டர்'. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமாக டி அண்ட் டி, போல மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதையாட்டத்தை நடத்துபவர். இங்கே வரும் கொலையும் துப்பும் அந்தக் கதைகளில்தான்.)

கே: எங்கள் குழு முதல் ஒரு மணி நேரத்திலேயே கொலைகாரனைச் சரியாகச் சொல்லிவிட்டது. ஆட்டம் நீளட்டும் என்று குற்றவாளியை வேறு ஆளாக மாற்றிவிட்டேன். சரிதானே? (பெருந்துறை)

ப: தவறு. அவர்கள் யோசித்துப் பிடித்ததை நீங்கள் தட்டிப் பறித்திருக்கிறீர்கள். ஆள் தெரிந்த பிறகும் வேலை கிடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிரூபிக்க வேண்டும், அதற்குள் அவன் எல்லை தாண்டாமல் பார்க்க வேண்டும், சாட்சியைக் காப்பாற்ற வேண்டும். அப்படியும் சீக்கிரம் முடிந்தால் முடியட்டும்.

கே: சந்தேகப்படும் ஆட்கள் எத்தனை பேர் இருக்கலாம்? (காங்கேயம்)

ப: நான்கைந்து பேர். அதற்கு மேல் போனால் பெயரே நினைவில் நிற்காது.

கே: ஐயா, என் ஆட்டத்தில் ஒரு கொலை வருகிறது. எப்படி நடத்துவது? அவசரம். (ஊர் எழுதவில்லை)

ப: தம்பி, எந்த ஆட்டம், எத்தனை பேர், எந்த லெவல், செத்தது யார்? ஒன்றையும் எழுதாமல் அவசரம் என்றால் நான் எதை வைத்துச் சொல்வது? குற்றம் நடந்த இரவை முதலில் ஒரு தாளில் மணிவாரியாக எழுதுங்கள். யார் எங்கே இருந்தார், எதைத் தொட்டார், எதை விட்டுப் போனார் என்று தெரிய வேண்டும். அந்தத் தாளோடு மறுபடி கடிதம் போடுங்கள்.

கே: அறையில் ஒளித்துவைத்திருந்த கடிதத்தைத் தேடி எல்லோரும் இருபது பக்கப் பகடை உருட்டினார்கள். யாருக்கும் 15 விழவில்லை. கதை அங்கேயே நின்றுவிட்டது. பகடை கைவிட்டால் டிஎம் என்ன செய்வது? (கோபிசெட்டிபாளையம்)

ப: இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன். கைவிட்டது பகடை இல்லை. கதை நகர்வதற்கு அவசியமான துப்பைப் பகடைக்குப் பின்னால் பூட்டி வைத்தது நீங்கள்தான்.

கணக்குப் பாருங்கள். பகடையில் விழும் எண்ணோடு திறனுக்காக 5 கூட்டி 15ஐ எட்ட வேண்டும் என்றால், தேடும் ஆள் நூற்றுக்கு 45 முறை தோற்பார். இப்படி மூன்று பூட்டுகளை வரிசையாக வைத்தால், ஒருவரே உருட்டி மூன்றையும் தாண்ட ஆறில் ஒரு பங்கு வாய்ப்புதான். யாராவது இப்படிக் கதை கட்டுவார்களா?

பல வருடங்களுக்கு முன் ஈரோட்டில் ஒரு மொட்டைமாடி அறையில் நான் விளையாட உட்கார்ந்திருந்தேன். செத்தவன் ஒரு வெல்ல வியாபாரி. கடையில் ஐந்து பேரும் தேடினோம். 4, 7, 9, மறுபடி 4, பிறகு 11. எதுவும் போதவில்லை. மூன்று மணி நேரம் அதே கடையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசி பஸ்ஸுக்கு எல்லோரும் எழுந்தபோது டிஎம் சொன்னார்: "தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு ரசீது இருந்தது." தட்டைத் தூக்கிப் பார்ப்பதாக எங்களில் ஒருவர் வாயால் சொல்லியே இருந்தார்! அதற்கும் பகடை கேட்டதால்தான் ரசீது போயிற்று. அந்தக் குழு அதற்குப் பிறகு கூடவே இல்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

சரியான இடத்தில் சரியான காரியத்தைச் செய்தால் துப்பைக் கொடுத்துவிடுங்கள். ராபின் லாஸ் உருவாக்கிய 'கம்ஷூ' ஆட்டமுறை இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. அதில் முக்கியத் துப்புக்குப் பகடையே கிடையாது. டி அண்ட் டி ஆடுபவர்களும் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பகடையை வேறு கேள்விக்கு உருட்டச் சொல்லுங்கள்: காவலன் வருவதற்குள் தேடி முடித்தார்களா, தேடிய தடயம் தெரியாமல் வைத்தார்களா, ரசீதோடு கூடுதலாக எதுவும் கிடைத்ததா. கூடவே இந்த வகை ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் எழுதிய விதியும் இருக்கிறது: ஆட்டக்காரர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால் குறைந்தது மூன்று துப்பு. ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

கே: 'ஸோன் ஆஃப் ட்ரூத்' (பொய்யைத் தடுப்பது), 'ஸ்பீக் வித் டெட்' (பிணத்தைப் பேசவைப்பது) ஆகிய இரண்டு மந்திரங்களையும் தடை செய்துவிட்டேன். இல்லாவிட்டால் மர்மமே மிஞ்சாது. (திருப்பூர்)

ப: மந்திரத்தின் விவரத்தை முழுதாகப் படித்தீர்களா? டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் முதலாவது 15 அடி ஆரத்துக்குள், பத்து நிமிடம்தான் வேலை செய்யும். சிக்கியவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது, ஆனால் வாயை மூடிக்கொள்ளலாம், சுற்றிவளைத்துப் பேசலாம். இரண்டாவதில் பிணத்திடம் ஐந்தே கேள்வி. உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டுமே அதற்குத் தெரியும். முதுகில் குத்துப்பட்டவனுக்குக் குத்தியவன் முகம் எப்படித் தெரியும்? தடையை நீக்குங்கள். அந்த மந்திரங்களைக் கற்றவருக்கும் அவருடைய நாள் வர வேண்டும். மூன்று துப்பில் ஒன்றை அவற்றுக்கென்றே வையுங்கள்.

கே: புத்தகங்களில் எல்லாம் கோட்டையும் பனிமலையும்தான். நம் ஊர்ப் பக்கத்துப் பொருளை வைத்து மர்மம் அமைக்கலாமா? (பவானி)

ப: இப்படியொரு கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஈரோட்டு மஞ்சள் மண்டி மாதிரி ஒரு மாய நகரம் செய்து வைத்திருக்கிறேன். அங்கே மூட்டை தூக்குபவர் முதல் முதலாளி வரை எல்லார் கையும் மஞ்சள். கணக்குப்பிள்ளை காணாமல் போகிறார், அவர் துண்டில் செக்கச்செவேல் என்று கறை. எல்லோரும் ரத்தம் என்றார்கள். நிஜமாகவே ஒரு துண்டை மஞ்சளில் நனைத்து, சுண்ணாம்பு தடவி மேசையில் போட்டேன், பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண் துண்டை எடுத்து உற்றுப் பார்த்தார், பழத்தைப் பிழிந்தார். கறை மஞ்சளாகத் திரும்பியது. "ரத்தமே இல்லை, சுண்ணாம்புக் கை பட்டிருக்கிறது, சுண்ணாம்புக் காளவாய்க்குப் போவோம்" என்றார். பகடை உருளவே இல்லை. மற்ற இரண்டு துப்புகளும் காளவாயை நோக்கியே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கே: திசைதிருப்பப் பொய்த் துப்பு எத்தனை வைக்கலாம்? (பொள்ளாச்சி)

ப: ஒன்றும் வேண்டாம். அவர்களே உண்டாக்கிக்கொள்வார்கள்.

கே: மாதம் ஒருமுறைதான் கூடுகிறோம். போன முறை கிடைத்த துப்புகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். (நாமக்கல்)

ப: மாதம் ஒருமுறை என்றால் மறக்கத்தான் செய்வார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு துப்பையும் சின்னச் சீட்டில் எழுதி, கிடைத்தவர் கையிலேயே கொடுங்கள். அடுத்த முறை முதல் பத்து நிமிடம் சீட்டுகளை மேசையில் பரப்பி, அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.