ஜெர்மன் ஓட்டுச்சீட்டில் இரண்டு குறி: எதற்கு எது?

ஜெர்மன் குடியுரிமை வாங்கியபின் முதல் தேர்தல், சீட்டில் இரண்டு குறி போடச் சொல்கிறார்கள், இரண்டும் ஒரே கட்சிக்குத்தானா என்று கேட்டிருந்தீர்கள். அவசியமில்லை, தாராளமாகப் பிரித்துப் போடலாம். இடப்பக்கம் கறுப்பு எழுத்தில் இருப்பது தொகுதி வேட்பாளருக்கு, நம்மூர் மாதிரியே அதிக ஓட்டு வாங்கியவர் முதலிடம். வலப்பக்கம் நீலத்தில் இருப்பது கட்சிப் பட்டியலுக்கு. பெயர்தான் இரண்டாம் ஓட்டு, ஆனால் ஜெர்மன் நாடாளுமன்றமான பண்டஸ்டாக்கின் 630 இடங்களில் எந்தக் கட்சிக்கு எத்தனை என்று முடிவு செய்வது அதுதான், அதனால் யோசித்துப் போட வேண்டியதும் அதைத்தான்.

2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தொகுதியில் முதலிடம் வந்தாலே எம்.பி. ஆகிவிட முடியாது, இரண்டாம் ஓட்டால் கட்சிக்குக் கிடைத்த பங்கில் இடமும் இருக்க வேண்டும். 2025 தேர்தலில் 299 தொகுதிகளில் 23 பேர் அப்படி முதலிடம் வந்தும் வெளியே நின்றார்கள். எனக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான்.

சின்னக் கட்சிக்குப் போடுவதென்றால் 5 சதவீத வரம்பைப் பாருங்கள்: கட்சிக்கு இடம் கிடைக்க நாடு முழுவதும் இரண்டாம் ஓட்டில் அவ்வளவாவது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று தொகுதிகளிலாவது முதலிடம் வேண்டும். அதே தேர்தலில் சாரா வாகன்க்னெக்ட் கட்சி 4.98 சதவீதம் வாங்கி ஒரு இடம்கூட இல்லாமல் போனது. அப்புறம், ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டாலும் மற்றது செல்லும்.