பழங்களை மட்டும் உண்டால் தசை வளருமா?

கேள்வி: என் எடை 60 கிலோ. மூன்று மாதங்களாகப் பழங்களை மட்டுமே உண்டு எடைப்பயிற்சி செய்தும் தசை வளரவில்லையே, ஏன்?

பதில்: தசையைக் கட்டுவது புரதம், பழங்களில் மிகக் குறைவாக இருப்பதும் அதுவே. தசை வளர்க்க விரும்புவோருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுவதால், உங்களுக்கு ஏறத்தாழ 96 கிராம் தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் இருப்பதோ ஏறக்குறைய 1.3 கிராம்தான் என்பதால், எழுபதுக்கும் மேற்பட்ட பழங்களை உண்டாலன்றி அந்த அளவை எட்ட முடியாது. கொய்யாவிலும் 100 கிராமுக்குச் சுமார் 2.5 கிராமே உண்டு. பழங்களில் வைட்டமின் பி12 இல்லை என்பதே எனக்கு இன்னும் பெரிய கவலை. அக்குறைபாடு நீடித்தால் நரம்புகள் பாதிக்கப்படும். பழங்களோடு பருப்பு, சுண்டல், தயிர், முட்டை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை கால்கள் மரத்துப்போனால் தாமதிக்காமல் மருத்துவரை அணுகுங்கள்.