செடியின் நாள் கணக்கில் ஒரு பாடத்திட்டம்

கேள்வி: பல்லடம் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஜூன் முதல் ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் தோட்டக்கலை அறிமுகம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடமும் ஒரு போர் குழாயும் இருக்கின்றன. தோட்டக்கலையின் பிரிவுகள், தாவர உறுப்புகள், மண், உரம், கடைசியில் செய்முறை என்று பாடத்திட்டம் எழுதியிருக்கிறேன். சரிதானா?

பதில்: எழுதிய விஷயங்கள் சரி டீச்சர், வரிசைதான் இடிக்கிறது. இப்படிப் போனால் அரையாண்டுத் தேர்வு வரை பிள்ளைகள் கையில் மண் படாது. எந்தப் பாடம் எப்போது என்பதைச் செடியின் நாள் கணக்கும் பள்ளி விடுமுறையும் முடிவு செய்யட்டும்.

ஜூனில் முதல் வகுப்பே மண் எடுப்பது. மேல்குப்பையை ஒதுக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்துவிடுங்கள். உங்கள் பக்கம் பல இடங்களில் அது உப்பு.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற அடியில் இளங்கன்று வாடிவிடும். மேற்குப் பக்கம் பச்சை வலை கட்டுங்கள். கூடவே அகத்தி விதைத்துவிட்டால் அடுத்த வருஷம் வலை தேவைப்படாது. அதற்குள் சிறுகீரையும் முள்ளங்கியும் போடலாம். கீரை ஒரு மாதத்தில் வந்துவிடும், முள்ளங்கிக்கு ஒன்றரை மாதம். காலாண்டுக்கு முன்பே ஒரு அறுவடை பார்த்துவிட்டால் பிள்ளைகள் அப்புறம் நம்மை விடமாட்டார்கள்.

இந்தப் பாடத்தின் உயிர் செடி பெருக்கத்தில், அதாவது விதையிலிருந்தும் கிளையிலிருந்தும் புதுச் செடி உண்டாக்குவதில் இருக்கிறது, அதிக நாள் அதற்கே கொடுங்கள். குழித்தட்டில் தக்காளி நாற்று விடலாம். அதை நிரப்பப் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு வாங்கினால் நன்றாக அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள், உப்பு இருக்கும். ஐப்பசி மழையில் முருங்கைப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு நடுங்கள். கொய்யாவில் விண்பதியம் போட்டுக் காட்டுங்கள், மரத்தில் இருக்கும்போதே கிளையில் வேர் விடவைப்பது அது. கிளையில் இரண்டு, மூன்று செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈர நார்க்கழிவு வைத்து பாலித்தீன் சுற்றிக் கட்ட வேண்டும். பட்டை போனபின்னும் கிளை ஏன் வாடவில்லை என்று கேளுங்கள். நீர் ஏறும் சைலம் உள்ளே கட்டையில் இருக்கிறது. உணவு இறங்கும் புளோயம்தான் பட்டையோடு போனது. இறங்க வழியில்லாத உணவும் வளர்ச்சி ஹார்மோனும் வெட்டின் மேல் ஓரத்தில் தேங்க, அங்கே வேர் விடுகிறது. கரும்பலகையில் படம் போட்டு நடத்தும் அதே பாடம்தான், இங்கே கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

பூச்சிமருந்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது. பஞ்சகவ்யா தெளிப்பதானால் ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விடுங்கள், ஒப்பிட வேண்டுமே. மதிப்பெண்ணில் பாதியை நாட்குறிப்புக்கு வையுங்கள்: விதைத்த நாள், முளைத்த எண்ணிக்கை, செத்த கன்றுகள் உட்பட.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போவதைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் பிள்ளைகளிடம் கேட்பதற்கு நிறைய சேர்ந்திருக்கும். மே மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஆகவே மார்ச்சுக்குள் காய்கறிப் பாத்திகளை முடித்துவிட்டு, முருங்கை, அகத்தி மட்டும் விடுங்கள்.

தலைமை ஆசிரியரிடம் இப்போதே ஒன்று கேட்டு வாங்குங்கள்: இரண்டு பீரியடும் ஒரே நாளில், அடுத்தடுத்து. தனித்தனியாகக் கொடுத்தால் மண்வெட்டியை எடுத்து வைத்துக் கை கழுவுவதற்குள் மணி அடித்துவிடும்.