தைக்காமலே கம்பளிக் குட்டி யானை பொம்மை எப்படிக் கெட்டியாக நிற்கிறது?

நூலாகத் திரிக்காத ஆட்டுக் கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி உருவம் செய்வதுதான் நீடில் ஃபெல்டிங். பசை வேண்டாம், உடம்புக்குத் தையலும் வேண்டாம்.

காரணம் கம்பளி இழையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு இழையின் மேலும் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. ஊசியின் பக்கவாட்டில் சின்னச் சின்ன வெட்டுகள். உள்ளே போகும்போது அவை இழைகளை இழுத்துக்கொண்டு போகும். வெளியே வரும்போது அங்கேயே விட்டுவிடும். இழைகள் பின்னிக்கொள்ள, செதில்கள் மாட்டிக்கொள்ள, பொதி சுருங்கிக் கெட்டியாகும். எண்ணெய் காணாத தலைமுடி சடை பிடிக்குமே, அந்த மாதிரி. பெங்களூர் டிசம்பர் குளிருக்கு எடுத்த கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிட்டால் குழந்தை சைஸுக்கு வந்துவிடும். அதுவும் இதே கதைதான்.

38 எண் ஊசியால் உடம்பைச் செய்து, அதைவிட மெல்லிய 40-ஆல் மேற்பரப்பைச் சமன் செய்யலாம். விரல் பத்திரம், அது குத்தினால் வலி தனி ரகம்! கண், மூக்கு, வாய்க்கு மட்டும் எம்பிராய்டரி நூல். ஆறு இழை நூலை அப்படியே கோக்காமல் ஓரிழையாகப் பிரித்துத் தையுங்கள். என்னைக் கேட்டால், பொம்மைக்கு உயிர் வருவது அந்த நாலு தையலில்தான்.

அப்புறம், தலையணைப் பஞ்சிலேயே செய்யலாமே என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தியில் அந்தச் செதில் கிடையாது. எவ்வளவு குத்தினாலும் கம்பளி போல இறுகாது.